ஒன்றே முக்கால் நிமிடம்

ராகேலுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து கரமனை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. அதுவரை அவளுக்குத் தலைவலிகூட வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு நேரம் இருந்தது?”

“அரை மணிக்கூர் இருக்கும் டாக்டர்,” என்றார் அவள் கணவர் வேதமாணிக்கம்.

டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். அரை மணி நேரம் வந்திருந்தால் ராகேல் இப்படி எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டாள். அடுத்த தடவை வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயிலும் கையிலும் எதையும் திணிக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

நேரம் பார்க்க வேதமாணிக்கம் போனில் பழகிப் பார்த்தார். வியர்த்த விரலுக்கு அது திறக்கவில்லை. அப்போதுதான் துபாயிலிருந்து மைத்துனன் அனூப் கொண்டுவந்து கொடுத்த கைக்கடிகாரம் நினைவுக்கு வந்தது. பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். மேலே இருப்பதை அழுத்தினால் நீளமான முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழே இருப்பதை அழுத்தினால் பழைய இடத்துக்கே போய்விடும். பார்க்காமலே கட்டைவிரலால் அழுத்தலாம்.

கை பழகுவதற்காக எல்லாவற்றுக்கும் அழுத்தினார். முட்டை வேகும் நேரம், குக்கர் விசில், கிள்ளிப்பாலம் சிக்னல், பாஸ்டரின் ஜெபம். ராகேல் முதலில் சிரித்தாள். ஒரு நாள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, கதவுக்கு நேர் எதிரே கட்டைவிரலைக் கடிகாரத்தில் வைத்தபடி அவர் நின்றிருந்தார்.

“குளிக்கியதுக்கும் டைம் வச்சிருக்கியளா?”

“பேடியா இருக்கு ராகேல், மறுபடி வந்துருமோன்னு.”

“பேடி உங்களுக்கு. வீட்டுக்குள்ள கிடக்கியது நானா?”

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். லீவு போட்டு இரண்டு மாதமாகியிருந்தது. வேலையையே விட்டுவிடு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவளை வீட்டில் தனியாக விட மனமில்லாமல், பிறகு தினமும் சாலைக் கடைத்தெருவில் இருந்த தம் கடைக்குக் கூட்டிப்போய், கீல்களுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்.

அந்த ஸ்டூலிலிருந்துதான் ஒரு புதன்கிழமை காலை அவள் சரிந்தாள்.

அவள் தலை தரையில் மோதாமல் தாங்கியபோதே கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிட்டது. பக்கத்து அரிசிக் கடை வேல்சாமி சாவிக்கொத்தோடு ஓடி வந்தார்.

“இரும்பைக் கையில குடும்வே, நின்னுரும்!”

“வேண்டாம் அண்ணாச்சி. ஆளுகளைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. காத்து வரட்டும்.”

அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தம் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்குக் கீழே வைத்தார். அவள் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நகருவதாகவே தெரியவில்லை. நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு அவள் உடம்பு தளர்ந்தது. நீளமாக ஒரு மூச்சு வந்தது. அவர் பொத்தானை அழுத்தினார். ஒன்றே முக்கால் நிமிடம்.

வேல்சாமி நம்பவில்லை. “பத்து நிமிசம் இருக்கும்வே!”

வேதமாணிக்கத்தாலும்தான் நம்ப முடியவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகாத ஒன்றுக்குப் பயந்தா இவளை இரண்டு மாதம் அடைத்து வைத்தேன்? வெற்று மார்போடு கடை நடுவில் உட்கார்ந்து அழுதார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, ஆட்டோவில் ராகேலுக்கு மெல்ல நினைவு தெளிந்தது.

“எவ்வளவு நேரம் கிடந்தேன்?”

சொன்னார்.

“அவ்வளவுதானா? எட்டாங்கிளாஸ் பிள்ளையளுக்கு ஒரு கணக்கு போட அதைவிட நேரமாவும்.”

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஸ்கூட்டர் மட்டும் ஓட்டக் கூடாது, கூட இருப்பவர்களிடம் சொல்லி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்றார். ராகேல் கணவரைப் பார்த்தாள். அவர் சரி என்பதுபோல் தலையசைத்தார்.

அவள் பள்ளிக்குத் திரும்பிய அன்று அவரும் கூடப் போனார். ஸ்டாஃப் ரூமில் சிஜி டீச்சரிடம் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

“வேண்டா சேட்டா, என் வாட்சிலயும் செகண்ட் முள் உண்டு,” என்றாள் சிஜி. “நீங்க தைரியமா போங்க.”

சாலைக்கு பஸ் ஏறிப் போய்க் கடையைத் திறந்தார். அன்று காலை மூன்றங்குலக் கீல் கேட்டவருக்கு நான்கங்குலம் கட்டிக் கொடுத்தார். போன் அடித்தபோதெல்லாம் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி எடுத்தார். மத்தியானம் அடித்தது ராகேல்.

“சாப்பிட்டியளா?”

“இல்ல. உனக்கு ஒண்ணும்...”

“சாப்பிடுங்க. எனக்குக் கிளாஸ் இருக்கு,” என்று வைத்துவிட்டாள்.

அவர் கை கழுவிவிட்டு வந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.