ஒரு கட்டை, ரெண்டு மணி நேரம்

என் வீட்டுக்காரர் பண்றதுக்குப் பேரு இசையாம். கீபோர்டுல ஒரு கட்டையை அழுத்திப் பிடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை விரலைப் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்துவார். அதைக் கச்சேரின்னு சொன்னா மூக்கு மேல கோபம் வரும், 'நிகழ்வு'ன்னு சொல்லணும். நேரம்கிறதே மனுஷன் கட்டிவிட்ட கதைன்னு எனக்கே பாடம் எடுப்பார். ஆறு மணிக்கு எழுந்து அடிச்சுப் பிடிச்சு கிளினிக்குக்கு ஓடி, ஊரான் கையில எல்லாம் நரம்பு தேடி ரத்தம் எடுக்கிறவ நான். பத்தரைக்குக் கண்ணைத் திறக்கிற ஆளுக்கு நேரம் கதையாத்தான் இருக்கும்.

பதினோரு வருஷம் பொறுத்தேன். போன மாசம் ஒரே பிடியா நின்னுட்டேன். எங்க அண்ணன் டயர் கடையில பில் போட ஆள் தேடிட்டிருந்தான். இந்தத் தடவை ஒரே ஒரு ஜீவன் கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேட்டா நான் இனிமே வாயே திறக்க மாட்டேன், இல்லேன்னா திங்கக்கிழமை கடைக்குப் போயே ஆகணும்னு சொன்னேன். ஒருத்தர் போதும்னு உடனே ஒத்துக்கிட்டார். அவ்வளவு நம்பிக்கை.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு, நூலகத்து மாடி ஹால்ல நிகழ்வு. கேட்க வந்தவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்தார், இசையைப் பார்க்கக் கூடாதாம். மூஞ்சியைக் காட்ட வெட்கமா இருந்தா அதைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. ஒரு ஆளாவது இருந்தா நாலு மணிவரை ஓடும். எல்லாரும் எழுந்து போயிட்டா வாட்ச்மேன் விளக்கை அணைச்சிடுவார், அதுதான் முடிவு. வாட்ச்மேனுக்கு இதை மூணு தடவை விளக்கிச் சொன்னார். அந்த மனுஷன் தலையைத் தலையை ஆட்டிட்டு என்னைப் பரிதாபமா பார்த்தார்.

பத்தொன்பது பேர் வந்திருந்தாங்க. நானும் அண்ணனும் அந்தக் கணக்குல சேர்த்தி இல்ல. நாங்க கேட்க வரல, மனுஷன் கவுந்து விழறதைப் பார்க்க வந்தோம். அரை மணி நேரத்துல ஆறு பேர் போனாங்க. மூணு மணிக்குள்ள இன்னும் ஏழு பேர். போன் வந்த மாதிரி காதுல வெச்சுக்கிட்டே நழுவினவங்கதான் பாதி. கண்ணை மூடி லயிச்சிருந்த ஒரு தாடிக்காரர் குறட்டை விட்டு, அந்தச் சத்தத்துல தானே முழிச்சுக்கிட்டு, ரொம்ப ஆழமா இருக்குன்னு என்கிட்ட சொல்லிட்டு வெளியே போனார். அவ்வளவு ஆழம்னா உள்ளேயே கிடக்க வேண்டியதுதானே. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

மூணே முக்காலுக்கு நாங்க ரெண்டு பேர்தான் மிச்சம். அண்ணன் சோம்பல் முறிச்சிட்டு எழுந்தான்.

"நீயும் எழுந்து வா, விளக்கை அணைச்சிடுவாங்க. நாளைக்கே மாப்பிள்ளையைக் கடைக்கு அனுப்பு. முதல்ல ஒரு மாசம் பஞ்சர் ஒட்டட்டும். அழுத்திப் பிடிக்கிறதுல கெட்டிக்காரர்தானே?"

பில் போடுற வேலைன்னுதானே சொன்னேன்னு கேட்டேன். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. என் புருஷன் உதவாக்கரைதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதைச் சொல்ல நான் ஒருத்தி போதும்.

"நீ போண்ணா"ன்னேன்.

அவன் முறைச்சிட்டுப் போனான். வாட்ச்மேன் சுவிட்சுல கை வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். வேண்டாம்னு தலையாட்டினேன். காதுல விழுந்தது இசையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, பழைய ஃப்ரிட்ஜ் உறுமற மாதிரி ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் சட்டை வேர்வையில முதுகோட ஒட்டிப் போச்சு. வலது கையை இடது கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டார். என்ன பிழைப்பு இதுன்னு ஆத்திரம் ஆத்திரமா வந்துது. கால் மரத்துப் போச்சு. இருந்தும் அசையல. எழுந்திருச்சா அந்த ஆள் தோத்துடுவார்னு தெரியும், எழுந்திருக்க மனசு வரல.

நாலு மணிக்கு வாட்ச்மேன் மணி அடிச்சார். என் வீட்டுக்காரர் விரலை எடுத்துட்டு மெதுவா திரும்பினார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரைக்கும் ஒவ்வொரு நாற்காலியா பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் பார்த்துட்டு, தாண்டி, கதவைப் பார்த்தார். அப்புறம் என்கிட்ட கேட்டார்.

"ஒருத்தர் கூட இல்லையா?"

வாட்ச்மேன் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கிட்டேன்.

"இல்ல. யாரும் இல்ல. நாளைக்கு ஒன்பது மணிக்குக் கடை திறப்பாங்க, போயிடுங்க."