மணிக்கட்டில் நண்டு

கியோத்தோ எழுத்துக்கலைஞர் ரியூசெனுக்குக் கை நடுக்கம். சாதாரண நடுக்கமா அது? அவர் மேசையில் கையை வைத்தால், மூங்கில் தூரிகைக் குவளை கிடுகிடுவென்று நகர்ந்து அடுத்த வீட்டுக்கே குடிபோய்விடும். ஆனாலும் அவர் எழுத்துக்கு ஊரே அடித்துக்கொண்டது. எழுதியதெல்லாம் அவர் மனைவி ஷினோ. முத்திரை மட்டும் அவருடையது. அதையும் அவள்தான் குத்துவாள்.

ஈர மை கலையாமலிருக்க மணிக்கட்டுக்கு அடியில் வைக்கும் பிளந்த மூங்கில் ஒன்று அவளிடம் இருந்தது. முதுகில் புடைப்பாக ஒரு நண்டு. உளி வழுக்கியதில் ஒரு கொடுக்கு போயிருந்தது. "உலகத்துலயே ஒத்தைக் கொடுக்கு நண்டு இதுதான்!" என்று கூவி அதை அவர்கள் தலையில் கட்டியவர், ரியூசெனின் எழுத்துச் சுருள்களை விற்கும் வியாபாரி ஹிரோபே.

ரியூசெனுக்குக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. வீட்டில் விருந்து. ஹிரோபே வருகிறார் என்றதும், விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை ஷினோ உள்ளறையில் எழுதினாள், கையை நண்டின்மேல் நன்றாக அழுத்தி. எழுதுவது யாரென்று ஒரே ஒருத்தருக்காவது தெரியட்டும்.

"ஐயா, எங்க முன்னால ஒரு வரி எழுதுங்களேன்!" என்றார் ஒருவர்.

"குடிச்ச கையால தூரிகையைத் தொடமாட்டேன்யா."

"குடிக்காத கை எப்பய்யா இருந்துது உங்களுக்கு?"

கூடம் சிரித்தது. ஷினோ ஒரு கையால் சட்டைக்கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஹிரோபேவுக்குச் சாக்கே மது ஊற்றினாள். மணிக்கட்டில் செக்கச்செவேலென்று பதிந்த நண்டு. ஒரே கொடுக்கு.

ஹிரோபேயின் கிண்ணம் பாதி வழியில் நின்றது. நண்டைப் பார்த்தார். சுவரில் தொங்கிய பரிசுச் சுருளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதில் கூரை ஓடுகள் சரியாதது பெரிய அதிசயம்.

"அம்மா," என்றார் தணிந்த குரலில், "கையைப் பத்திரமா பாத்துக்குங்க. பாத்திரம் கழுவ ஆள் வெச்சுக்குங்க."

"புரிஞ்சுதா உங்களுக்கு?"

"நல்லாவே. வசந்தத்துக்குள்ள இன்னும் ஏகப்பட்ட சுருள் வேணும்." பிறகு கிண்ணத்தை உயர்த்திக் கத்தினார்: "ஐயாவோட கைக்கு!"

எல்லோரும் குடித்தார்கள். ஷினோ குனிந்து வணங்கினாள்.

மறுநாள் ஹிரோபே ஒரு பொட்டலம் அனுப்பினார். உள்ளே புதிய மூங்கில் கைத்தாங்கி. புகையேறிப் பழுத்த மூங்கில், கண்ணாடிப் பளபளப்பு.

"பாத்தியாடி, என் மேல எவ்வளவு மரியாதை!" என்றார் ரியூசென். "ஆனா நண்டு கிண்டு ஒண்ணுத்தையும் காணோமே. கஞ்சப்பய!"

அவள் அதன்மேல் கையை வைத்து நாளெல்லாம் எழுதினாள். சாயங்காலம் கையை எடுத்துப் பார்த்தாள். தோலில் ஒன்றுமே இல்லை.