இரண்டு சொட்டுப் பசை

கியர்க்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. ஆட்டோமேடிக் காரின் கியர்பாக்ஸை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு, ஒரு திருகு மிச்சமில்லாமல் திரும்பச் சேர்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பழைய ஆட்டோமேடிக் கார்களை வாங்கி, சரிசெய்து விற்பது தொழில். கைராசிக்காரர். வாய்தான் கொஞ்சம் நீளம். "வண்டியை நான் சரிபண்ணிடுவேன், ஓட்டுற ஆளை யாருய்யா சரிபண்றது?" என்பார். ஊரையே அப்படி நக்கலடித்த மனுஷனுக்கு வந்த கதியைக் கேளுங்கள்.

முதலில் அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டிகளின் கியர் கம்பில், கட்டைவிரல் படுகிற இடத்தில் சின்னதாக இருக்கும். ஓவர்டிரைவ் பட்டன். அதை யாரும் தொடாதவரை ஓவர்டிரைவ் தன்பாட்டுக்கு வேலைசெய்யும். சமமான சாலையில் வேகம் பிடித்ததும் வண்டி நாலாவது கியருக்குப் போய், இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடும்; பெட்ரோலும் மிச்சம். பட்டனை அமுக்கினால் நாலாவது கியர் கிடையாது, மூன்றோடு சரி. மேடு ஏறும்போது வண்டி திணறினால் அமுக்க வேண்டும். மலை இறங்கும்போது அமுக்கியே ஆக வேண்டும். அப்போதுதான் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போய்விடும். இவ்வளவுதான் விஷயம், இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் பட்டனை அமுக்கியதும் ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அங்கேதான் வந்தது வினை.

மஞ்சள் விளக்கைக் கண்டால் வண்டி வாங்கியவர்கள் பதறிவிடுவார்கள். கை தெரியாமல் பட்டனில் பட்டிருக்கும்; கியர்பாக்ஸே போய்விட்டது என்று பட்டறைக்கு ஓடிவருவார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி மூன்று மாதம் அப்படியே ஓட்டிவிட்டு, "பெட்ரோலைக் குடிக்கிற பிசாசை என் தலையில கட்டிட்டியே" என்று தெருவே வேடிக்கை பார்க்கக் கத்திவிட்டுப் போனாள். அன்றைக்கு வந்த எரிச்சலில் கியர்க்காரர் ஒரு காரியம் செய்தார். விற்கப்போகிற வண்டியின் பட்டன் ஓரத்தில் இரண்டு சொட்டுப் பசை விட்டார். அவ்வளவுதான், பட்டன் அசையாது. அதற்குப் பிறகு நாலு வருஷம், விற்ற வண்டிக்கெல்லாம் இரண்டு சொட்டு. ஒரு புகார் வரவில்லை. சீட்டைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, கடைசியில் பசை. நினைத்துப் பார்த்துச் செய்கிற வேலையாக அது இல்லை, கை தானாகச் செய்துவிடும்.

தங்கச்சிக்கு ஒரு வண்டி வேண்டும் என்றபோது, இருந்ததிலேயே நல்லதாக எடுத்து, கியர்பாக்ஸைத் தானே உட்கார்ந்து புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்தார். அவளுக்கு ஓட்ட வரும், அவள் புருஷனுக்கு வராது. அவர் கணக்கு வாத்தியார், சாதுவான மனுஷன். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, குடியிருக்க வீடு பார்த்துவிட்டு வர இரண்டு பேரும் ஒரு காலையில் கிளம்பினார்கள்.

மத்தியானம் தங்கச்சி போன் செய்தாள். கியர்க்காரர் அப்போது ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

"அண்ணா, வீடு அமைஞ்சிடுச்சு. இப்ப கீழ இறங்கப்போறோம். அந்தப் பட்டனை அமுக்கணுமா, வேணாமா?"

"அமுக்கிடும்மா. மஞ்சள் லைட்டு எரியும், பயந்துடாதே. கீழ வந்தப்புறம் எடுத்துவிட்டுடு."

"சரிண்ணா. உன் மாப்பிள்ளை உன்கிட்ட ஏதோ சொல்லணும்கிறாரு."

"வந்து சொல்லச் சொல்லு. கையெல்லாம் ஆயில்."

போனை வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, டெலிவரிக்கு நின்ற இன்னொரு வண்டியைத் துடைத்தார். பசைக் குப்பியை எடுத்தார், மூடியைத் திறந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் வண்டிக்கும் விட்டிருந்தார். வேறு யாருக்கோ விடுவதைப் போலவே விட்டிருந்தார்.

போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தால் போதும், ஒரே வார்த்தை, 'கம்பை ரெண்டாவது கியருக்கு இழு' என்று சொன்னால் போதும். பட்டனே இல்லாமல் வண்டியை இழுத்துப் பிடிக்க அந்த வழியும் இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லையே! இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை யாரோ ஒரு ஆண்பிள்ளை எடுத்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

பிரேக் பிடிக்காமல் வண்டி ஒரு வளைவில் பாறையில் மோதியிருந்தது. வாத்தியார் அந்த இடத்திலேயே போய்விட்டார். தங்கச்சிக்கு வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அவள் சொன்னது இதுதான்: "அமுக்கினேண்ணா. அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், லைட்டே எரியல. சரியா அமுக்கலையோன்னு குனிஞ்சு பார்த்தேன். ரோட்டைப் பார்க்காம குனிஞ்சுட்டேன்."

கியர்க்காரர் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு.

மூன்றாம் நாள், நொறுங்கிய வண்டியைப் பரிசோதிக்க வந்த மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் அவரைத் துணைக்குக் கூப்பிட்டார். ஆட்டோமேடிக் வண்டி என்றால் கியர்க்காரர் இல்லாமல் அந்த இன்ஸ்பெக்டருக்கு ஓடாது. போலீஸ் வளாகத்தின் பின்பக்கம், வெயிலில் அந்த வண்டி கிடந்தது. இன்ஸ்பெக்டர் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து, கருகிப்போன பிரேக்கைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கியர்க்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பட்டனைச் சுற்றி இரண்டு சொட்டும் காய்ந்து பளபளத்துக்கொண்டிருந்தன.

நல்ல மனுஷன் என்ன செய்திருப்பான்? 'இதைப் பாருங்க சார், நான்தான் பண்ணினேன்' என்றிருப்பான். கியர்க்காரரும் கெட்டவர் இல்லை, ஆனால் பயம் வந்துவிட்டது. ஜெயிலை நினைத்துக்கூட இல்லை, தங்கச்சியின் முகத்தை நினைத்து. பையிலிருந்த சாவியின் நுனியால் நெம்பினார். பசை தூளாகி உதிர்ந்தது. பட்டன் 'டக்' என்று உள்ளே போயிற்று, டக்கென்று வெளியே வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து சாவியைத் திருப்பி, பட்டனை அமுக்கிப் பார்த்தார். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் விளக்கு சமர்த்தாக எரிந்தது. "பட்டன் நல்லாத்தான் இருக்கு. அந்தம்மா அமுக்கவே இல்ல போல" என்று எழுதிக்கொண்டார். கியர்க்காரர் அந்தத் தாளில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளின் நகல் தங்கச்சி வீட்டுக்கு வந்தது. மாமியாருக்கு அது போதாதா? துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் எடுத்துக் காட்டினாள். "ஒரு பட்டனை அமுக்கத் துப்பில்லாம எம் பிள்ளையை வாரிக் கொடுத்துட்டா." எள்ளும் கொள்ளும் வெடிக்கிற அந்த முகத்துக்கு எதிரே தங்கச்சி தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இடது கட்டைவிரல் மட்டும் எதையோ அமுக்கிக்கொண்டே இருக்கும். பார்க்கச் சகிக்கவில்லை.

பத்தாவது நாள் கியர்க்காரரால் தாங்க முடியவில்லை. ஆனது ஆகட்டும், அவள் தன் முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று போனார். கூடத்தில் மாமியாரும் இருந்தாள். நாற்காலியில்கூட உட்காராமல், தங்கச்சியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீ சரியாத்தாம்மா அமுக்கியிருக்கே. அந்தப் பட்டனை நான் பசை போட்டு ஒட்டிவச்சிருந்தேன். மறந்துட்டு உன்னை அமுக்கச் சொல்லிட்டேன். மாப்பிள்ளையைக் கொன்னது நான்தான்."

தங்கச்சி தலையை ஆட்டினாள்.

"வேணாண்ணா. பட்டன் வேலை செய்யுதுன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே."

"அதுக்கு முன்னாடியே நெம்பி எடுத்துட்டேம்மா. பயந்துட்டேன். என் பட்டறையில நிக்கிற வண்டியெல்லாம் வந்து பாரு, எல்லாத்துலயும் ஒட்டியிருக்கு."

"ஊரார் வண்டிக்கு ஒட்டியிருப்பே. என் வண்டிக்கு ஒட்டுவியா நீ?"

ஒட்டுவியா என்று கேட்டால் என்ன சொல்வது? ஒட்டினார், அதுதான் உண்மை. ஆனால் அவள் கேட்ட விதத்தில் அது நடக்கவே நடக்காத காரியமாக இருந்தது.

"சத்தியமா நான்தாம்மா!" என்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "என்னைத் திட்டு. செருப்பால அடி."

"சின்ன வயசுல நான் ஜன்னல் கண்ணாடியை உடைச்சப்பவும் இப்படித்தான் நான்தான் நான்தான்னு போய் அடி வாங்கினே." அவள் இடது கையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இது கண்ணாடி இல்லண்ணா. இதை நான்தான் சுமக்கணும். அழாதே. நான் பண்ணினதுக்கு நீ என்ன செய்வே?"

அவர் மாமியாரின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "நீங்களாவது நம்புங்கம்மா."

மாமியார் எழுந்து உள்ளே போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். மகன் போன பிறகு அந்த அம்மாள் ஒருவருக்கு இரக்கப்பட்டது அன்றைக்குத்தான். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"தன் தலையில போட்டுக்கிட்டாவது உன்னைக் காப்பாத்தணும்னு துடிக்கிறாரு பாரு. இப்படி ஒரு அண்ணன் சொன்னதைக் கேட்டிருந்தா எம் பிள்ளை இருந்திருப்பான்."

"ஆமா அத்தை" என்றாள் தங்கச்சி.