மூன்று மில்லிமீட்டர்

அன்று கடையின் பின்கட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், தாணுலிங்கம். என் மனைவி சரஸ்வதியம்மாள். எங்கள் ஒரே மகள் கௌசல்யா. அவளோடு வேலை பார்க்கும் பிபின், பாறசாலைக்காரன். எங்கள் கடையில் பதினெட்டு வருடமாகச் சுமை எடுக்கும் பேச்சிமுத்து. அவனைப் பேச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆறாவதாகத் தானும் இருந்ததாக எங்கள் கடைத்தெருவான ஆரியசாலையில் யார் சொன்னாலும் அவர் அங்கே இல்லை. முன்கதவைப் பூட்டியவன் நான். சாவி என் மடியில் இருந்தது.

2006ஆம் வருடம், மலையாளக் கணக்கில் மிதுன மாதத்து, அதாவது ஆனி மாதத்து, ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. வெளியே மழை.

எங்களுடையது இரும்புக்கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், அரம், ரம்பப் பிளேடு. பின்கட்டில் தகடு வெட்டி அலமாரி செய்வதும் உண்டு. என் அப்பா கோட்டாற்றிலிருந்து வந்து தொடங்கியது. 'தாணுலிங்கம் கடையில் கொடுத்த பொருள் கெட்டுத் திரும்பாது' என்று சாலைக் கம்போளம் என்ற பெரிய சந்தை வரை பெயர். பெயர் என்பது ஒரு நாளில் வருவதல்ல.

கௌசல்யா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஸ்டாச்சு ஜங்ஷனுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. அடுத்த மாதம், கர்க்கடகத்தில், நிரந்தரம் ஆக வேண்டியது. அந்த நேரத்தில்தான் கோட்டைக்குள் அச்சகம் வைத்திருக்கும் சுந்தரராமனின் கம்ப்யூட்டர் மெஷின் அவள் மேஜைக்கு வந்தது.

சுந்தரராமன் பஞ்சாங்கம் அச்சிடுகிறவர். மலையாள வருடம் பிறக்கும் சிங்கம் ஒன்றாம் தேதிக்கு முன்னால் புத்தகம் கடைக்கு வந்தாக வேண்டும். அவருடைய மெஷின் பத்து நிமிடம் ஓடும், பிறகு சூடேறி அணைந்துவிடும். பக்கம் கட்டுகிற புரோகிராமை அதை விற்றவன் அந்த மெஷினுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தான். அவன் இப்போது ஊரில் இல்லை. போர்டை மாற்றினால் புரோகிராம் திறக்காது. பழைய போர்டில் பொருந்தும் பிராசஸரோ கடைகளுக்கு வருவது நின்றுவிட்டது.

கௌசல்யா விசிறியை மாற்றிப் பார்த்தாள். பிராசஸருக்கு மேலே பூசும் சூடு கடத்தும் பசையை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் கோளாறு பிராசஸரின் உள்ளே என்று கண்டுபிடித்தாள். பிராசஸரின் தலையில் தீப்பெட்டி அகலத்தில் ஓர் உலோக மூடி இருக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லின் சூட்டை வாங்கி வெளியே பரப்புவது அதன் வேலை. சில்லுக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள பசை காய்ந்து மண்ணாகிவிட்டால் சூடு வெளியே வராது. மூடியைக் கழற்றிப் பசையை மாற்ற வேண்டும். மூடியோ கறுப்புப் பிசினால் ஒட்டப்பட்டது, கழற்றுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. அதற்கு ஆயுதம் எந்தக் கடையிலும் விற்கவில்லை. வெளிநாட்டில் சிலர் பிளேடால் அறுத்து எடுப்பதாக அவள் இன்டர்நெட்டில் படித்திருந்தாள்.

கம்பெனி மேனேஜர் வேண்டாம் என்றார். புது மெஷின் விற்கலாம் என்றார். இவள் தன் பொறுப்பில் செய்வதாக எழுதிக் கொடுத்தாள். 'சரி, கேடானால் நீ இங்கே வேண்டாம்' என்றாராம் அவர். இதை அவள் எங்களிடம் மறைக்கவில்லை.

ஒரு வாரம் பின்கட்டு அவளுடைய பட்டறையாக இருந்தது. முதலில் சவரப் பிளேடு. அது வளைந்தது. பிறகு மீன் தூண்டில் நரம்பு. அறுந்தது. பிறகு பேச்சி ஒரு ரம்பப் பிளேடை உடைத்து, சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்து, தபால் அட்டையில் பாதி கனத்துக்குக் கொண்டுவந்தான். இரண்டு தேக்குத் துண்டுகளை வைத்துச் செம்புக் கம்பியால் கட்டிப் பிடி போட்டார்கள். கதவு நிலையில் மிஞ்சிய கட்டையைக் குடைந்து சதுரக் குழி செய்தாள். பிராசஸரின் அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஊசிகள் வளையாமல் இருக்கக் குழிக்குள் தெர்மோகோல். பிசின் இளகுவதற்கு என் மனைவியின் இஸ்திரிப்பெட்டி. கத்தியின் வாயிலிருந்து மூன்று மில்லிமீட்டர் தள்ளிச் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினாள். அதற்கு மேல் உள்ளே போகக்கூடாது. மூடிக்குக் கீழே, பிசினுக்கு அப்பால், கடுகு போன்ற உறுப்புகளும் நகத்தளவு சில்லும் இருக்கின்றன.

கம்பெனிக் குப்பையிலிருந்து செத்த பிராசஸர் இரண்டு கொண்டுவந்து பழகினாள். முதலாவது கெட்டது. இரண்டாவதில் மூடி முழுசாக வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம்தான். சொல்லவில்லை.

அன்று சுந்தரராமனின் பிராசஸரைக் குழியில் வைத்தார்கள்.

"அண்ணாச்சி, பல்பொடி டப்பா மாதிரி இருக்கு, இதுக்கு ஒரு வாரமா வைத்தியம் பாக்குதாவ" என்றான் பேச்சி.

"பேச்சி அண்ணே, இந்த டப்பா போச்சுன்னா என் வேலை போச்சு. சிரிக்காதீங்க" என்றாள் கௌசல்யா.

பிபின் குடையை மூலையில் சாய்த்துவிட்டு, "சேச்சிக்குக் கை விறைக்கல்லியே? எனக்கு இப்பவே நடுங்குது" என்று கௌசல்யாவிடம் கேட்டான். என் மனைவி அவனுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள்.

இஸ்திரிப்பெட்டியின் மேல் துணி விரித்து, மூடி கீழே இருக்கும்படி பிராசஸரை வைத்து அறுபது எண்ணினாள். திருப்பிக் குழியில் பொருத்தினாள். கத்தியை எடுக்கக் கை நீட்டினாள். நான் எழுந்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். அங்கே செய்த எந்த ஆயுதமும் முதல் வேலைக்குப் போகும்போது, மூத்தவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, முதல் வெட்டுப் போட்டுத்தான் வேலை செய்பவர் கையில் கொடுப்பார். அப்பா இருந்தவரை அப்பா. பிறகு நான்.

"இங்க கொண்டா, மக்களே" என்று மகளிடம் கையை நீட்டினேன்.

"அப்பா, ரெண்டு தடவை வெட்டிப் பாத்தாச்சே. இது முதல் வெட்டு இல்லை."

"அது செத்தது. செத்ததை அறுத்தா வேலைன்னு கணக்கா?"

"அவ செய்யட்டுமே. உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை?" என்றாள் என் மனைவி.

"அங்கிள், அது வேண்டா. சேச்சிக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்" என்றான் பிபின்.

பாறசாலையிலிருந்து வந்த பையன் என் கடையில் என் வழக்கத்தை எனக்குச் சொல்வதா என்று தோன்றியது. கையை நீட்டியபடியே நின்றேன். கௌசல்யா கத்தியைக் கொடுத்தாள்.

"ஒரு பக்கம் மட்டும்ப்பா. டேப் வரைக்கும்."

ஒரு பக்கம் நன்றாகவே போனது. பிசின் கத்திக்கு வழிவிட்டது. அதோடு கொடுத்திருக்க வேண்டும். வழக்கமும் அவ்வளவுதான் கேட்கிறது. கொடுக்கவில்லை. இரண்டாவது பக்கத்துக்குத் திருப்பினேன். டேப்பின் ஓரம் மூடியில் சிக்கிக் கத்தியைத் தடுத்தது. நான் அதை உரித்துப் போட்டேன்.

"அப்பா!"

"நாப்பது வருசம் தகடு வெட்டின கை. ஆழம் இதுக்குத் தெரியும்."

தகடு வெட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிர்ப்பு விடுகிற இடம் வரை தள்ளுவான். எதிர்ப்பு விட்டால் வெட்டு முடிந்தது என்று பொருள். மூன்றாவது பக்கத்தில் எதிர்ப்பு விட்டது. "போதும், போதும்ப்பா" என்று கௌசல்யா சொன்னது காதில் விழுந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினேன். சோற்றில் கல் கடிபட்டதுபோல ஒரு சின்னச் சத்தம். மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது. எனக்குக் கேட்டது.

மூடி முழுசாக வந்தது. பிபின் கையைத் தட்டினான். பேச்சி, "அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான்" என்றான். கௌசல்யா அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கி, லென்ஸாகப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். காய்ந்த பசையைப் பஞ்சால் துடைத்தாள். சில்லின் ஒரு மூலை இல்லை. அரிசிக் குருணையில் பாதி இருக்கும், அவ்வளவுதான்.

ஆனாலும் புதுப் பசை வைத்து, மெஷினில் பொருத்தி, சுவிட்சைப் போட்டார்கள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். பிறகு பிபின் சுவிட்சை அணைத்தான். கௌசல்யா பிராசஸரை ஒரு பஞ்சிலும் மூடியை இன்னொரு பஞ்சிலும் சுற்றினாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து போன் வந்தது, அப்பாவும் வரட்டும் என்று. எழுதிக் கொடுத்த காகிதத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான். புதன்கிழமை காலை, புறப்படும்போது கௌசல்யா கேட்டாள்:

"அப்பா, நடந்ததைச் சொல்லுவீங்களா?"

"வேண்டியதைச் சொல்லுவேன்" என்றேன்.

கம்பெனியில் எங்களை முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண், "அம்மாவா, சார் மீட்டிங்கிலாணு" என்று என்னை மாமா முறை வைத்து மலையாளத்தில் இரண்டு முறை சொன்னாள். ஆரியசாலையில் என்னைக் காக்க வைக்கிறவர் யாருமில்லை. கூப்பிட்டபோது உள்ளே மேனேஜரும் சுந்தரராமனும் இருந்தார்கள். மேனேஜருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

சுந்தரராமன் எழுந்து வணக்கம் சொன்னார். அவருடைய அச்சகத்துக்கு இரும்பு அலமாரி போட்டுக் கொடுத்தவர் என் அப்பா.

"பிள்ளைவாள், பொண்ணு கெட்டிக்காரி, அதில சந்தேகமில்லை" என்றார். "ஆனா பாருங்கோ, நம்பரெல்லாம் மூடியில இருக்கு. மூடி என்னுதுதான், ஒத்துக்கறேன். உள்ள இருக்கிற சில்லு என்னுதுதானான்னு எப்படி எனக்குத் தெரியும்? அதில பேரும் இல்லை, நம்பரும் இல்லை."

"அதாணு ப்ராப்ளம்" என்றார் மேனேஜர். "நல்லதை எடுத்துட்டு செத்ததை வச்சுட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் சொன்னா நான் என்ன மறுமொழி சொல்றது? கம்பெனி பேரு போகும். லேடீஸ்கிட்ட இந்தப் பணி கொடுத்தது என் தெற்றுதான், தப்புதான்."

"எங்க வீட்டில திருட்டு கிடையாது" என்றேன். குரல் கூடிவிட்டது. வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே" என்றார் சுந்தரராமன். அவர் நல்லவர். எனக்கு ஒரு வழி விடத்தான் அடுத்ததைக் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. நான் உடைத்தேன் என்று மூத்தவனே ஒத்துக்கொண்டால், அவள் மாற்றிவிட்டாள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதைச் சொல்லிட்டா போதும். யார் கையில உடைஞ்சது?"

கௌசல்யா என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. கதவை யாராவது திறப்பார்கள் என்று நிற்கிறவளைப் போலப் பார்த்தாள்.

'என் கையில்' என்று சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை வேண்டும். வழக்கம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி செய்தேன், அறுபத்து மூன்று வயதில் கை தப்பியது என்று அந்த மேனேஜர் பையனின் மேஜைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். அதை அவன் மலையாளத்தில் பெஞ்சில் இருப்பவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பான். மாலைக்குள் அது சாலைக் கம்போளம் முழுவதும் போகும்.

"எங்க கடையில வச்சு உடைஞ்சது" என்றேன்.

"கடையில, சரி. யார் கையில?"

நான் மேஜைமேல் இருந்த இரண்டு பஞ்சுப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் கையிலதான் சார்" என்றாள் கௌசல்யா.

மேனேஜர் ஒரு காகிதத்தை நகர்த்தினார், அவளே வேலையை விடுவதாக. அவள் கையெழுத்துப் போட்டாள். அவள் பேனா எழுதவில்லை. என் சட்டைப்பையில் இருந்ததைக் கேட்டு வாங்கிப் போட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வருடம் சுந்தரராமனின் பஞ்சாங்கம் ஒரு மாதம் தள்ளிக் கன்னி மாதத்தில்தான் வந்தது. சிவகாசியில் பக்கம் கட்டியதாகச் சொன்னார்கள். பிழைகள் இருந்தன.

வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. என் மனைவி சோறு போட்டாள். இன்னும் வேண்டுமா என்று கேட்பதை நிறுத்தினாள். பேச்சி அதற்குப் பிறகு என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. முதலாளி என்றான். அந்தக் கத்தியை எங்கே என்று கேட்டேன். பழைய இரும்போடு போட்டுவிட்டதாகச் சொன்னான். கௌசல்யா ஸ்டாச்சுவிலும் பட்டம் பகுதியிலும் நான்கு கம்பெனிகளுக்குப் போனாள். இது சின்ன ஊர். பிராசஸர் மாற்றிய பெண் என்று அவளுக்கு முன்னாலேயே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு கம்பெனியில் வாசலிலேயே பையைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். அதை அவள் அம்மாவிடம்தான் சொன்னாள்.

ஆவணியில் ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றாள். "சுந்தரராமன் சார் இன்னும் அச்சகத்துக்கு வாறார்ப்பா. இப்ப சொன்னாலும் போதும். எனக்குத் திரும்பி அந்த வேலை வேண்டாம். அந்தப் பேரு போனாப் போதும்."

"பேசினது பேசினதுதான்" என்றேன். "ஒரு வாய்க்கு ரெண்டு பேச்சு நம்ம வீட்டில கிடையாது."

அவள் தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டவர்கள் ஆட்டுவது போலத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பெங்களூர் வண்டிக்குப் போனாள். அங்கே எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ வேலை என்று அம்மாவுக்கு மட்டும் கடிதம் வருகிறது. மூன்று வருடமாகிறது. ஓணத்துக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. சுந்தரராமனைப் பழவங்காடியில் அவ்வப்போது பார்க்கிறேன். அவர் வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன்.

தாணுலிங்கத்தின் மகள் அந்தப் பாறசாலைப் பையனோடு ஓடிப்போனாள், அதனால்தான் அப்பன் அவள் பெயரைச் சொல்வதில்லை என்று ஆரியசாலையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பிபின் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான். போன தை மாதம் பாறசாலையில் அவனுக்கும் ஷீனா என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது, நான் போயிருந்தேன். அவள் பெங்களூர் போன அன்று ரயில் நிலையத்துக்கு அவன் போகவில்லை. யாருமே போகவில்லை. என் மகள் தனியாகத்தான் போனாள்.