கரடி திரும்பிப் பார்க்காத படம்

என் பெண்டாட்டி நாக்கைச் சொடுக்கினால் எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையும் கேமராவைத் திரும்பிப் பார்க்கும். எங்கள் ஸ்டூடியோ ஓடுவதே அந்தச் சத்தத்தில்தான். நான் விளக்குப் பிடிப்பவன், கல்லாவில் உட்காருபவன், மீதி நேரத்தில் அவளைப் பற்றிப் பெருமையடிப்பவன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் விஷயத்தில் அது நிஜமாகவே பொன் என்பதுதான் என் கட்சி.

தேசியப் பூங்காவின் வரவேற்புக் கூடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை போட்டி வைத்து, ஜெயித்த கரடிப் படத்தைப் பெரிதாக மாட்டுவார்கள். அது தன் படமாக இருக்க வேண்டுமென்று அவளுக்கு நெடுநாள் ஆசை. போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில் ஒருவன் இருந்தான். அவன் லென்ஸின் நீளத்தைப் பார்த்து எல்லோரும் அவனைப் பீரங்கி என்பார்கள். கரடியையும் ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் எடுப்பீர்களா அக்கா என்று அவன் கேட்டுவைக்க, கூட்டமே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

எங்களுக்குப் பூங்காவில் கிடைத்தது இரண்டே காலைகள். பார்வை மேடையில் ஏற்றிவிட்ட வனக்காவலர் ஒரே ஒரு விதி சொன்னார். குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் கரடிகள் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் நேரம் இது. நம்மால் ஒரு கரடி தின்பதை நிறுத்தினால் தப்பு நம்முடையது, இறங்கிவிட வேண்டும்.

முதல் காலை ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு பழப்புதருக்கு வந்தது. மூன்றும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றன. எவ்வளவு நேரந்தான் முதுகையே பார்ப்பது? பழக்க தோஷம், அவள் நாக்கு தானாகச் சொடுக்கிவிட்டது. குட்டிகள் இரண்டும் சட்டென்று திரும்பின, அவள் விரல் அழுத்தியது. மறுகணம் தாய் உறுமியது, குட்டிகள் ஓட்டம் பிடித்தன, புதர் காலி. கீழே நின்ற காவலருக்குச் சொடுக்கு கேட்கவில்லை. காற்று திரும்பி நம் வாசனை போயிருக்கும் என்று சொல்லி எங்களை இறக்கிவிட்டார்.

அறைக்கு வந்து படத்தைப் பார்த்தால், அடேயப்பா! இரண்டு குட்டிகளும் நேராக எங்களையே பார்க்கின்றன, வாயோரம் பழச்சாறு. பீரங்கி வாயடைத்துப் போவான் என்று நான் குதித்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து அதையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"இது வேண்டாங்க. நான் கூப்பிட்டு எடுத்தது."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"அதுங்க வயித்துக்குத் தெரியும். பாதிச் சாப்பாட்டுல எழுப்பி விரட்டிட்டேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று மன்றாடிப் பார்த்தேன். நாளைக்குக் கரடி வராவிட்டால் வெறுங்கையோடு போக வேண்டும் என்றேன். அவள் படத்தை அழித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். கட்டிய பெண்டாட்டி மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததே இல்லை.

அதோடு விட்டாளா? மறுநாள் காலை காவலரிடம் போய், காற்று இல்லை, என் நாக்குதான் என்று ஒப்புக்கொண்டாள். ஏறவே விடமாட்டார் என்று நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். இன்றைக்காவது அந்த நாக்கு சும்மா இருக்குமா என்று அவர் கேட்டார். அவள் என் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி, மடித்து, தன் வாயில் அடைத்துக்கொண்டாள். காவலர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியைக் காட்டினார். தானும் பின்னாலேயே ஏறி வந்தார்.

வெயில் ஏறிய பிறகுதான் மூன்றும் வந்தன. மறுபடியும் முதுகு. அவள் தாடை துடித்ததை நான் பார்த்தேன், கைக்குட்டை தாங்கியது. கரடிகள் தின்றன, தின்றன, கிளைகளை மொட்டையாக்கும் வரை தின்றன. பிறகு தாய் மெல்ல நடந்து மேடைக்கு எதிரே இருந்த புல்வெளிக்கு வந்து, பொத்தென்று மல்லாந்து படுத்தது. குட்டிகள் அதன் வயிற்றில் ஏறிப் பால் குடிக்க ஆரம்பித்தன. தாயின் கண்கள் சொக்கி மூடின. அப்போதுதான் அவள் விரல் அழுத்தியது. பக்கத்தில் மனுஷ வாடை இருப்பதாகத் துளி சந்தேகம் வந்தாலும் தாய்க்கரடி இப்படிப் படுக்காது என்று காவலர் என் காதோடு சொன்னார். இவளோடா நேற்று சண்டை போட்டேன் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது அந்தப் படம் கூடத்தில் ஒரு கதவை விடப் பெரிதாக மாட்டியிருக்கிறது. படத்தைத் திறந்துவைத்த நாளன்று பீரங்கியும் வந்தான். கிண்டலடித்தால் கொடுப்பதற்கு நான்கு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவன் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றான்.

"எப்படிக்கா படுக்க வச்சீங்க?"

"நான் எதுவும் பண்ணல தம்பி. நாங்க இருந்ததே அதுக்குத் தெரியாது."

அவன் தலையாட்டினான். பிறகு பின்னால் முட்டிமோதிய கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "கொஞ்சம் தள்ளுங்க. இதை எடுத்தவங்க இவங்கதான்." ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமென்று நான் வைத்திருந்த வாக்கியத்தை அவனே சொல்லிவிட்டான். அன்று முழுக்க எனக்குப் பேச வேலையே இல்லாமல் போயிற்று.