எந்த வழியில் மாமா

அந்த வீட்டுக் கட்டில் ஆறி அவள் பார்த்ததே இல்லை.

ஆலைக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நின்ற லைன் வீடுகளில் அதுவும் ஒன்று. ஓர் அறை, ஓர் அடுக்களை, ஓர் இரும்புக் கட்டில், சட்டை மாட்ட ஓர் ஆணி. ஆண்கள் மட்டும் மூன்று பேர். காலைச் சங்கு ஊதினால் அப்பா ஆலைக்குக் கிளம்புவார். சித்தப்பா கட்டிலை விட்டு எழுந்திருப்பார். ராத்திரி ஷிப்ட் முடித்த மாமா வந்து அதில் விழுவார். மதியச் சங்குக்குச் சித்தப்பா போவார், மாமா எழுவார், அப்பா வந்து விழுவார். ராத்திரிச் சங்குக்கு மாமா போவார், அப்பா எழுவார், சித்தப்பா விழுவார். ஆக எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் ஒருவர் ஆலையில், ஒருவர் கட்டிலில், ஒருவர் வாசலில். வார லீவும் ஆளுக்கொரு நாள். லீவு என்பதற்காகக் கட்டிலில் கூடுதல் நேரம் கிடைக்காது. லீவுக்காரர் சினிமாக் கொட்டகைக்குப் போய் டிக்கெட் எடுத்துத் தூங்கிவிட்டு வருவார்.

அம்மாவுக்கு எந்த ஷிப்ட் என்று யாரும் கேட்டதில்லை. மூன்றும்தான்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் என்பதால் மகளுக்கு டிகிரி என்று பெயர் விழுந்துவிட்டது. ஃபியூஸ் போனால் டிகிரியைக் கூப்பிடு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாந்தி என்றால் டிகிரியைக் கேளு. பட்டம் வாங்கியவளுக்கு வேலை கொடுக்கத்தான் ஊரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அந்த எரிச்சல் அவளுக்கு மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

ஆனால் பள்ளிக்கூட நாட்களை நினைத்தால் அவளுக்குக்கூட மனசு கொஞ்சம் இளகும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது ஊரே அடுப்பில் ஏற்றிய அண்டாபோல் முனகிக்கொண்டிருக்கும். கொடியில் காயும் வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். வாசலில் மாமா, புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியபடி, அவள் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். உள்ளே அப்பா தூங்குவதால் இரண்டு பேரும் கிசுகிசுத்துத்தான் பேசவேண்டும். தனிம அட்டவணையைக்கூட அவள் யாருடைய ரகசியத்தையோ காட்டிக்கொடுப்பதுபோல் காதோடு ஒப்பிப்பாள். மாமா புத்தகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தே "தப்பு" என்பார். அநேகமாகத் தப்பாகத்தான் இருக்கும். இன்றைக்கும் அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அந்தப் பழக்கம் அங்கே வந்தது.

பிறகு ஒருநாள் ஆலைக்கே சங்கு ஊதிவிட்டார்கள்.

கேட்டில் பூட்டு தொங்கியது. மூன்று ஆண்களும் ஒரே சாயங்காலத்தில், ஒரே அறையில், மூவரும் விழித்த நிலையில், முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரயிலில் எதிர் சீட் கிடைத்தவர்கள்போல முழங்காலை ஒடுக்கிக்கொண்டார்கள்.

அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். சித்தப்பாவை உற்றுப் பார்த்து மீசையை எப்போது எடுத்தான் என்று கேட்டார்.

"கல்யாணம் நின்னுபோச்சுல்லண்ணே, அப்ப எடுத்தது."

"உனக்குக் கல்யாணம் நின்னுச்சா?"

சங்கடத்தை மாற்ற அப்பா அடுக்களைப் பக்கம் திரும்பினார். "உங்கண்ணன் எவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருப்பாரு? குடிக்க ஏதாவது குடு."

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எங்கண்ணனா? இவரு உங்க அத்தை மகன்தான?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தரையைப் பார்த்தார்.

நம் உறவுமுறை இருக்கிறதே, அதைப்போல ஆளை ஏமாற்றுவது வேறொன்று இல்லை. அப்பா அவரை மச்சான் என்று கூப்பிட்டதால், புருஷனுடைய அத்தை மகன் என்று அம்மா நினைத்தாள். புருஷனுக்கு மச்சான் என்றால் தனக்கு அண்ணன் முறை, ஆகவே அண்ணே என்றாள். அம்மா அண்ணே என்று கூப்பிட்டதால், பெண்டாட்டியின் அண்ணன் என்று அப்பா நினைத்தார். ஆகவே மச்சான் என்றார். எந்த வழியில் போனாலும் டிகிரிக்கு அவர் மாமாதான். அப்பாவைப் பார்த்து அம்மா, அம்மாவைப் பார்த்து அப்பா. இப்படி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு அந்தச் சொந்தம் இத்தனை வருஷம் கீழே விழாமல் நின்றிருக்கிறது.

"நீதான் படிச்சவ. விசாரி," என்று அப்பா மகளிடம் சொன்னார்.

விசாரிக்க ஒன்றுமே இல்லை. மாமா தானாகவே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிது. தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதுவரை அவர் பார்த்திராத வீடு. அடுத்த லைனில், இதே எண்ணுள்ள கதவு. முதல் ராத்திரி ஷிப்ட் முடித்து, கண்ணிமையெல்லாம் பஞ்சோடு, தூக்கக் கலக்கத்தில் இந்த வாசலுக்கு வந்து நின்றார். முன்பின் தெரியாத ஆளிடமும் மரியாதையாகப் பேசுகிற அம்மா "வாங்கண்ணே" என்றாள். சங்கு ஊதிய பிறகே செருப்பைத் தேடுகிற அப்பா, தேடிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டுவிட்டு "வா மச்சான்" என்றார். கூப்பிட்டார்கள், வந்தார். கட்டில் சூடாக இருந்தது, படுத்தார்.

"வீடு மாறிப்போச்சுன்னு எப்ப தெரியும்?" என்று டிகிரி கேட்டாள்.

"அன்னைக்கு மத்தியானமே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் அப்பா.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க மச்சான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் தூங்கிட்டுத்தான் இருந்தீங்க."

இனி ஷிப்ட் கிடையாது. மூன்று பேருக்கும் ராத்திரியில்தான் தூக்கம் வரும், கட்டிலோ ஒன்று. ஒருவர் போயாக வேண்டுமென்றால் உறவுமுறை இல்லாதவர்தானே போகவேண்டும் என்று சித்தப்பா இழுத்தார். அதோடு விட்டிருக்கலாம். வயசுப் பெண் இருக்கிற வீட்டில் யாரென்றே தெரியாத ஆளை வைத்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

டிகிரிக்குக் குரல் தாழ்ந்தது. "சரி. உங்களுக்கெல்லாம் என்னைத் தெரியும்ல? நான் என்ன படிச்சேன், சொல்லுங்க."

"டிகிரி," என்றார் அப்பா.

"எதுல?"

அப்பா கூரையைப் பார்த்தார். சித்தப்பா கணக்கு என்று ஒரு கல்லை விட்டுப் பார்த்தார்.

"வேதியியல்," என்றார் மாமா. "மூணாவது வருஷம் கரிம வேதியியல்ல அரியர் விழுந்துச்சு. அழுதுகிட்டே மறுபடி எழுதித் தேறுச்சு."

"அரியரா?" என்றாள் அம்மா.

வழக்கு அங்கேயே கவிழ்ந்தது. அடுத்து நடந்ததெல்லாம் அரியர் பற்றிய விசாரணைதான். குடும்பத்தின் முதல் பட்டத்தில் ஓட்டை இருந்ததை ஏன் மறைத்தாய் என்று அவளைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். தனக்குச் சாதகமாக நிறுத்திய சாட்சியே தன்னைப் போட்டுக்கொடுத்த ஆத்திரத்தில் அவள் மாமாவை முறைத்தாள். மாமா பாவமாக விழித்தார். உண்மையைத்தானே கேட்டாய் என்பதுபோல.

கடைசியில் அப்பா தீர்ப்பைக் கனிவாகச் சொன்னார். அடுத்த லைன் வீட்டுக்காரர்கள் இத்தனை காலம் காத்திருப்பார்களே, அவர்களை இனியும் காக்கவைப்பது நியாயமா?

மாமா ஆணியிலிருந்து சட்டையையும் அடுக்களையிலிருந்து டிபன் தூக்கையும் எடுத்துக்கொண்டார். டிகிரி அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றாள். அந்த வீட்டு ஆண்களில் தன்னோடு சேர்ந்து விழித்திருந்த ஒரே ஆள் வாசல்படி இறங்கிக்கொண்டிருந்தார். அதை வாய்விட்டுச் சொல்ல மூன்று வருஷக் கல்லூரி அவளுக்கு எதையும் கற்றுத் தரவில்லை.

"போயிட்டு வரேன்," என்றார் மாமா, வழக்கம்போல.

"ம்," என்றார் அப்பா, அதுவும் வழக்கம்போல.

அன்றைக்குக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. நீ படு என்றார் அப்பா. நீங்க படுங்கண்ணே என்றார் சித்தப்பா. மரியாதை முற்றி இருவரும் தரையில் சுருண்டார்கள். விடிந்ததும் டிகிரி போய்க் கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று, அன்னியர் வீட்டுக் கட்டில்போல இருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஊதாத சங்கின் நேரத்துக்கு அப்பா பழக்கதோஷத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வாசலில் டிபன் தூக்கின் சத்தம் கேட்டது.

"வாங்கண்ணே," என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே.

மாமா உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்த வீட்டுக்குப் போகலியா நீ?"

"போனேன் மச்சான். அந்த வீட்ல நான் ஏற்கனவே இருக்கேன்."

"என்னது?"

"என்னைய எதிர்பார்த்தப்ப எவனோ ஒருத்தன் உள்ள வந்திருக்கான். நான்தான்னு நினைச்சு வச்சுக்கிட்டாங்க. நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் சதை போட்டிருக்கேன்."

அப்படியென்றால் அந்த ஆள் எந்த வீட்டுக்குப் போகவேண்டியவன் என்று சித்தப்பா கேட்டார்.

"கேக்கல. தூங்கிட்டு இருந்தாரு."

அந்த லைன் முழுக்க எத்தனை கட்டிலில் யார் யாருடைய தூக்கத்தைத் தூங்குகிறார்களோ என்று டிகிரிக்குத் தலை சுற்றியது. அப்பா விடவில்லை. நேற்றுப் போகச் சொன்னவன் இன்று வந்து நின்றால் என்ன அர்த்தம் என்றார்.

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானப்பா போனாரு," என்றாள் அவள். குரல் தரையைத் தொட்டது. "நீங்க ம்னு சொன்னீங்க. இப்ப வந்துட்டாரு."

அந்த "ம்"மை எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

மாமா கட்டிலில் சாய்ந்து, சில்லுன்னு இருக்கே என்று முனகினார். படுங்க, சூடாயிடும் என்றாள் அவள்.

செருப்பு கிடைத்தது. அப்பா அதை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்றார். இப்போது கேட்டது கோபத்தில் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள.

"நாளைக்கு எவனாவது, இவரு எந்த வழில மாமான்னு கேட்டா என்னடி சொல்றது?"

"வாசல் வழில."

அப்பா, உள்ளே ஒருவர் தூங்குவதால் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பூட்டிய ஆலையை நோக்கி நடந்தார்.