மூணாவது தரத்துக்கு முன்னால்

எனக்குப் புரையேறும்போதெல்லாம் என் மகள் தலையில் தட்டி, "யாரோ உன்னை நெனைக்கிறாங்கம்மா" என்பாள். நினைத்தது எமன் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கவாதம் வந்த பின் என் தொண்டைக்கு மூடத் தெரியவில்லை. குடித்த தண்ணீர், கஞ்சி, சொந்த எச்சில்கூட நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தில் இரண்டு முறை நிமோனியா. கடைசியில் மூக்கில் குழாய். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாதாம்.

நான் காய்கறி மண்டியில் முப்பது வருஷம் ஏலம் விட்டவள். மைக்கைத் தொட்டதே கிடையாது. 'வெண்கலத் தொண்டை' என்று பட்டப்பெயர்.

அறுவை மருத்துவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். "மூச்சுக்குழாயைத் தொண்டையிலேர்ந்து பிரிச்சு, கழுத்துல தனி வழி வச்சிடுவோம். சாப்பிடுறது நுரையீரலுக்குப் போக வழியே இருக்காது. ஆனா பேச்சு வராது."

"வேணாம் டாக்டர்," என்றாள் மகள், என்னைக் கேட்காமலே. "குரல் போனா அம்மா உசுரே போயிடும். குழாயிலயே ஊத்திக்கறோம்."

மருமகன் வேகமாகத் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தொண்டைக்கு இவர்கள் இருவரும் பங்காளிகளா?

"குழாய் இருந்தா எச்சில் உள்ள போகாதா டாக்டர்?" என்று கேட்டேன். குரல் கொழகொழவென்று வந்தது.

"போகும்மா."

மகளிடம் திரும்பினேன். "மண்டியில ரெண்டு தரம் சொன்னப்புறம் என்னடி சொல்வேன்?"

"மூணு தரம்."

"அதுக்கப்புறம் யாராவது ஏலம் கேக்க முடியுமா?"

முடியாதென்று தலையாட்டினாள்.

"நிமோனியா ரெண்டு தரம் சொல்லிடுச்சு. மூணாவது சொல்றதுக்குள்ள நான் கேக்கறேன். குரலைக் குடுத்துட்டு என்னை எடுத்துக்கறேன்."

வலது கை விழுந்துவிட்டதால் இடது கையால் நானே கையெழுத்துப் போட்டேன். கோணல்மாணலாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அறுவைக்கு முந்தின நாள் மகள் போனை நீட்டினாள். "ஏதாவது பேசும்மா, பதிஞ்சு வச்சுக்கறேன்."

எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளாமல், "முதல்ல மூக்கைத் துடைடி" என்றேன். அதுதான் பதிவாகியிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரே பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள். மகள் டம்ளரைக் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடித்தேன். ஜில்லென்று இறங்கி நேராக வயிற்றுக்குப் போனது. இருமல் வரவில்லை.

"எப்படிம்மா இருக்கு, சொல்லேன்" என்றவள், சொன்னது உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சிலேட்டை இழுத்து எழுதினேன்: "அழுதது போதும். இன்னொரு டம்ளர் கொண்டா."